கவசத்திற்கு வெளியே நிற்பவர்

உயிரைக் காப்பது அறம். போர்முனைக்கு ஒருவரை அனுப்பும் அரசு, அவரைக் காக்க இயன்ற அனைத்தையும் செய்யக் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் காக்கும் முயற்சியே சில வேளைகளில் நம் கண்களை மறைத்துவிடுகிறதோ?

1953ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று, தென் ஆஸ்திரேலியாவின் எமு ஃபீல்டு பாலைநிலத்தில் பிரிட்டன் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. வெடித்த இடத்திலிருந்து 500 கஜத்திற்கும் குறைவான தொலைவில் சென்சூரியன் டாங்கி ஒன்று, இயந்திரம் இயங்கிய நிலையில், நிறுத்தப்பட்டிருந்தது. அது பெருஞ்சேதமின்றித் தப்பியது. பின்னாளில் வியட்நாம் போரிலும் பணியாற்றியது. ஆனால் உள்ளே வீரர்கள் இருந்திருந்தால் மாண்டிருப்பர் என்றே கணிக்கப்பட்டது. இரும்பு பிழைக்கும் இடத்தில் மனிதர் பிழைப்பதில்லை.

வெடிப்பின் அதிர்ச்சி ஒருபுறமிருக்க, கண்ணுக்குப் புலப்படாத கதிர்வீச்சும் கவசத்தை ஊடுருவுகிறது. எஃகு காமாக் கதிர்களைத் தணிக்கும். நியூட்ரான்களை அவ்வளவாகத் தடுக்காது. ஹைட்ரஜன் செறிந்த பாலிஎத்திலீன் அவற்றின் வேகத்தைக் குறைக்கும். போரான் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். எனவே பொருள்களை அடுக்கி, ஒருபுறம் கதிர்மூலத்தையும் மறுபுறம் அளவுக்கருவியையும் வைத்து, உள்ளே புகுவது எவ்வளவு என்று ஆய்வாளர் அளக்கின்றனர். 1960களில் சோவியத் நாட்டின் டி-55ஏ டாங்கிகள் இத்தகைய உள்ளுறையுடன் உருவாயின.

இவ்வாய்வு பாவமா? அன்று. 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, ஈயத்தகடு பொருத்திய கவச ஊர்திகளே நச்சுக் குப்பைகளை அகற்றச் சென்றன. அதே கவசம், அதே கணக்கு. ஆனால் ஊர்தி சென்றது அழிவைத் தணிக்க. எனவே கவசத்தை மட்டும் வைத்து நாம் தீர்ப்பிட முடியாது. அது எங்கே செல்வதற்காகச் செய்யப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். அணுப்போர் நடந்த நிலத்திலும் தொடர்ந்து போரிடலாம் என்ற துணிவை அது தலைவர்களுக்குத் தருமானால், காக்கும் பொருளே அழிவுக்கு வழிதிறக்கும். நகர்களையும் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வன்மையாகக் கண்டித்ததை நாம் மறத்தலாகாது.

மீண்டும் எமு ஃபீல்டுக்கு வருவோம். அன்று காற்று சென்ற திசையில் வாலட்டினா என்னும் இடத்தில் தொல்குடி மக்கள் வாழ்ந்தனர். கரிய மூடுபனி ஒன்று தம்மீது படர்ந்ததாக அவர்கள் பின்னர்ச் சாட்சி கூறினர். அதை ஏற்ற ஆஸ்திரேலிய அரச ஆணையம், காற்று பொருத்தமற்றிருந்தும் குண்டு வெடிக்கப்பட்டது என்றும், அங்கே மக்கள் வாழ்வது கருத்தில் கொள்ளப்படவில்லை என்றும் 1985இல் அறிவித்தது.

டாங்கிக்கு நேர்ந்ததை ஆராய ஆள் இருந்தது. அம்மக்களுக்கு நேர்ந்ததைக் கேட்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சகோதரன் எங்கே என்று காயினிடம் கேட்கப்பட்ட வினா, கவசத்திற்கு உள்ளே இருப்பவரைப் பற்றியது மட்டுமன்று. வெளியே நிற்பவரைப் பற்றியும் அது நம்மைக் கேட்கிறது.