மதிலுக்கு அப்பால் போன தண்ணீர்

மலேசியாவின் கோத்தா திங்கியில் எங்கள் கோயில் முற்றம் முன்பு வெறும் மண். திருவிழாவில் சேறாகிறது என்று நான் செயலாளராக இருந்தபோது சிமெண்டு போட்டோம். இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். மழை விட்டதும் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் கீழ்வரிசை வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், என்னைக் கூப்பிட்டுத் தம் அடுப்படியைக் காட்டினார். லொங்காங் என்கிற சாக்கடை நிரம்பி, கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்திருந்தது. துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தவர், மேடை மேல் ஒரு தட்டைக் காட்டினார். அதில் நனைந்த செம்பருத்தி இதழ்கள், ஒரு வேப்பிலைக் கொத்து. "உங்கள் சாமி பூ. மிதிபட வேண்டாம் என்று எடுத்து வைத்தேன்" என்று மலாயில் சொன்னார். அவருக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இந்த ஊர் ஒரே மாதத்துக்குள் இரண்டு தடவை முழுகியது. அது ஆற்றின் வெள்ளம். மக்சிக் அடுப்படிக்கு வந்தது எங்கள் வெள்ளம்.

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகச் சைவ சித்தாந்த வகுப்பில் படித்திருக்கிறேன். இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். நினைத்துச் செய்யாத கெடுதல், மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விழுவது, என் கணக்கில் ஏறுமா? எண்ணம் இல்லையே என்று தப்பிக்கலாம். ஆனால் எட்டிப் பார்க்க எனக்குக் கண் இருந்தது, கால் இருந்தது. ஆணவத்தை இருள் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று இப்போது படுகிறது. என் முற்றம் சுத்தமாக இருந்தால் போதும் என்கிற இருள்.

கட்டடம் வந்த பிறகும், வருவதற்கு முன்னால் போன வேகத்துக்கு மேல் ஒரு நிலத்திலிருந்து மழைநீர் வெளியேறக் கூடாது என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'மஸ்மா' கையேட்டின் அடிப்படை. 2001 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு அது காட்டும் வழிகளில் ஒன்று, கல் நிரப்பிய ஊறல் குழி. ரப்பர்த் தோட்டத்துச் சரிவில், பால்மரங்களுக்கு நடுவே, மண்ணும் தண்ணீரும் ஓடிவிடாமல் அப்பா வெட்டிய குழிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

முற்றத்தில் அப்படி ஒரு குழி தோண்டலாம் என்றேன். கோயில் கமிட்டியில் ஒருவர், தோண்டினால் மண்ணில் உள்ள உயிர்கள் சாகுமே என்றார். பழைய கேள்விதான். திருவாரூரில் கண் தெரியாத தண்டியடிகள், குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையில் கட்டிய கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்தபோது, சமணர்கள் இதையே சொல்லித் தடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஆட்சேபத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. தோண்டிய அன்று கண்ணில் பட்ட மண்புழுக்களை வாளியில் எடுத்து நந்தவனத்தில் விட்டோம். எல்லாவற்றையும் காப்பாற்றினோம் என்று சொல்லமாட்டேன். தோண்டாமல் இருந்தாலும் கெடுதல் நடந்துகொண்டுதானே இருந்தது?

முதலில் சிறு குழியில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தோம். களிமண், மெதுவாகத்தான் இறங்கியது. பிறகு மூலஸ்தான அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி, சிமெண்டை உடைத்து, பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் குழி வெட்டினோம். மண் புகாமல் வடிதுணி விரித்துக் கழுவிய ஜல்லி நிரப்பினோம். இலை, பூ தங்க முன்னால் ஒரு தொட்டி. கோமுகி நீரை இதில் விடவில்லை. அபிஷேகப் பாலும் எண்ணெயும் கல்லிடுக்கை அடைத்துவிடும்.

ஐம்பது மில்லிமீட்டர் மழைக்கு இந்த முற்றத்தில் பத்தாயிரம் லிட்டர் சேரும். ஜல்லியின் இடுக்குகளில் ஏறக்குறைய நாலாயிரம் லிட்டர் நிற்கும். மற்றது பழையபடி லொங்காங்குக்குத்தான். இதை மக்சிக்கிடம் போய் மறைக்காமல் சொன்னேன். அடுத்த குழி எப்போது என்று கேட்டார். தைப்பூசத்துக்குள் என்று சொல்லியிருக்கிறேன்.