நடவாத சரித்திரமும் ஊழும்

பூளைமேடு என்று பெரியவர்கள் சொல்லும் எங்கள் பீளமேட்டிலிருந்து அவிநாசிச் சாலை வழியே மேற்கே சென்று, உப்பிலிபாளையம் தாண்டிக் கோவை நகரத்துக்குள் நுழைந்தால் கோட்டைமேடு வந்துவிடும். கோட்டை மறைந்து பெயர் மட்டும் நிலைத்திருக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் 1800-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் தேதி என் நினைவில் எழுகிறது.

திப்பு சுல்தான் 1799 மே 4-ஆம் தேதி சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிற்று. அதைப் பொறுக்காத விருபாட்சி கோபால நாயக்கர் முதலான பாளையக்காரர்கள், கன்னட நாட்டில் போராடிக்கொண்டிருந்த தூந்தியா வாக்கோடு தொடர்பு கொண்டு, கோவையிலிருந்த கும்பினிப் படையை ஒரே நாளில் தாக்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டார்கள். மொகரம் துக்கத்தில் முஸ்லிம் சிப்பாய்கள் ஆழ்ந்திருக்கும் அந்த ஜூன் 3-ஆம் தேதியை அதற்குக் குறித்தார்கள். ஆனால் திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டது, காவல் விழித்துக்கொண்டது, பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். கோபால நாயக்கர் மறு வருஷமே தூக்கேறினார். ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையும் 1805-இல் சங்ககிரியில் உயிர் துறந்தார்.

அந்த ரகசியம் மட்டும் வெளிப்படாதிருந்தால் என்னவாகியிருக்கும்? இதைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர், “எல்லாம் விதி, அப்படித்தான் நடக்கவேண்டுமென்று இருந்தது” என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். இது பக்தியா, அன்றிச் சிந்திக்கும் சிரமத்திலிருந்து தப்பும் வழியா என்ற வினா என்னை நெடுங்காலமாக வருத்தி வருகிறது.

கடல் கடந்த இத்தாலியிலும் இதே வினா கேட்கப்பட்டதுண்டு. 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமையன்று, பிளாரன்ஸ் நகரத்துப் பெருங்கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது, பாட்சி குடும்பத்தாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மெடிசி சகோதரர் இருவர்மேலும் பாய்ந்தார்கள். இளையவன் ஜூலியானோ அங்கேயே மாண்டான். மூத்தவன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு பக்கத்து அறைக்குள் ஓடித் தப்பினான். கத்தி இன்னும் சிறிது ஆழமாக இறங்கியிருந்தால் அந்த வம்சத்தின் கதை அன்றோடு வேறாகியிருக்கும். தப்பிய லொரென்சோ 1492-இல் இறக்க, இரண்டே ஆண்டில் மிலான் நகரத்து லுடோவிகோ ஸ்போர்சாவின் தூண்டுதலோடு பிரெஞ்சு அரசன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தான். ஒன்றையொன்று நம்பாத இத்தாலிய நகர அரசுகள் ஒன்றுசேர்ந்து அவனைத் தடுக்க இயலவில்லை. பாளையங்களின் கதையை அறிந்தவனுக்கு இது பழகிய துயரம். இரு சதிகளுக்கும் வழிபாட்டு வேளையே குறிக்கப்பட்டதை எண்ணும்போது என் மனம் கூசுகிறது. ஒன்று ஒரு குடும்பத்தின் அதிகாரப் பசியால் விளைந்தது. மற்றொன்று பறிபோன நாட்டை மீட்க விளைந்தது. அந்த வேற்றுமை பெரிது. ஆயினும் தெய்வத்தின்முன் தலைகுனிந்து நிற்பவனை அந்த வேளையில் தாக்கலாமா என்ற கேள்வியை, நம்மவர் செயல் என்பதற்காக நான் விலக்கிக்கொள்ள மாட்டேன்.

அதே பிளாரன்ஸில் பிறந்த மாக்கியவெல்லி, 1513-இல் எழுதத் தொடங்கிய அரசியல் நூலில், மனித காரியங்களில் ஏறக்குறையப் பாதி விதியின் வசம், மீதி நம் வசம் என்று மதிப்பிட்டு, விதியைப் பெருக்கெடுத்த ஆற்றுக்கு ஒப்பிட்டார். வெள்ளம் வந்தபின் தடுக்க முடியாது, வற்றிய காலத்தில் கரை கட்டலாம் என்பது அவர் கருத்து. நொய்யலை அறிந்த எங்களுக்கு இவ்வுவமையை யாரும் விளக்கவேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலைமேல் மழை விழும் நாளை யாரும் நிர்ணயிக்க முடியாது. ஆனால் உக்கடத்துப் பெரியகுளமும், பீளமேட்டுக்குத் தெற்கே சிங்காநல்லூர்க் குளமும், அவற்றுக்கு நீர் பிரித்துவிடும் அணைக்கட்டுகளும் மழையின் சொத்தல்ல. மனிதர் மண் சுமந்து கட்டியவை.

வள்ளுவர் இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர். அறத்துப்பாலின் முடிவில், 38-ஆம் அதிகாரத்தில், ஊழை விடப் பெருவலி எதுவுமில்லை என்று தீர்த்துச் சொன்னவரே, 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராது முயல்பவர் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வர் என்றும் சொல்கிறார். இதை முரண்பாடு என்று நான் கொள்ளவில்லை. முதலாவது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவனுக்கு. இரண்டாவது செய்யப் புகுபவனுக்கு. சைவ சித்தாந்தமும், அனுபவித்தே தீரவேண்டிய பிராரப்தத்தோடு, இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம் ஒன்றையும் வைத்திருக்கிறது. யாவும் முன்பே முடிந்ததென்றால் புதிதாகச் சேர்வதற்கு ஒன்றும் இராது. அனைத்தும் நியதியே என்று சாதித்தவர்கள் ஆசீவகர்கள். வஞ்சி நகரில் (அது எங்கள் கரூர்தான் என்பது இப்பக்கத்தார் பலரின் துணிபு) அவர்கள் கொள்கையைக் கேட்ட மணிமேகலை அதை ஏற்காமல் நகர்ந்தாள்.

ஆனால் ஒரு வலிய ஆட்சேபம் உண்டு. அதை நான் எளிதாகக் கடந்ததில்லை. பாளையக்காரர்கள் வென்றிருந்தால் 1888-இல் கோவைக்கு ஸ்டேன்ஸ் ஆலை வந்திருக்குமா? 1930-களில் பைகாரா மின்சாரம் மலையிறங்கி, பருத்தி ஆலைகள் பெருகி, நாற்புறத்துக் கிராமங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறிய இந்தப் பீளமேடு உண்டாகியிருக்குமா? என் பாட்டனும் பாட்டியும் சந்தித்தே இருக்க மாட்டார்கள். அன்று வேறாக நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற நான், என் இன்மையையே வேண்டுகிறேன். ஆகவே அந்த ஏக்கம் பிரார்த்தனையாக நிற்காது. நடந்ததை ஈசன் திருவடியில் வைத்துவிடவேண்டியதுதான். ஆயினும் நடந்ததை ஏற்றுக்கொள்வது வேறு, அது அப்படியன்றி நடந்திருக்கவே முடியாது என்பது வேறு. பின்னதைச் சொன்னால் காட்டிக்கொடுத்தவனுக்கும் தூக்கேறியவனுக்கும் இடையிலுள்ள வேற்றுமையே அழிந்துபோகும்.

நம் பாஷையே இதற்குச் சாட்சி. “வென்றிருப்பார்கள்” என்று சொல்லிப் பாருங்கள். இறந்த காலத்தில் நடவாமற்போன ஒன்றைச் சொல்ல, தமிழ் எதிர்கால இடைநிலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த 42 பேருக்கும் ஜூன் 3-ஆம் தேதி எதிர்காலமாகத்தான் இருந்தது. கோட்டைமேட்டைக் கடக்கும்போது, அவர்கள் தோற்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.