ஃபார்வர்ட் செய்வதும் பொய்சாட்சியா?



ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரி குடும்பங்களுக்கு நாளை மரண தண்டனை, உடனே எல்லாருக்கும் அனுப்பி ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அந்த "நாளை" பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது! 2007-ல் தென்கொரியாவிலிருந்து போன 23 கிறிஸ்தவர்களைத் தாலிபான்கள் கடத்தினது உண்மை. இருவர் கொல்லப்பட்டார்கள், மீதி 21 பேரும் விடுதலையானார்கள். ஆனால் இந்த 22 குடும்பங்கள் செய்தி பொய்.

"ஜெபம் தானே பிரதர், அதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்ணீரோடு ஏறெடுத்த ஜெபத்தைக் கர்த்தர் தள்ளுகிறவர் அல்ல. நான் கேட்பது ஜெபத்தைப் பற்றி அல்ல, அனுப்பினதைப் பற்றி. அந்தச் செய்தி வாசிக்கிறவர் மனதில் ஜெபபாரத்தை மட்டுமா வைக்கிறது? தெருமுனையில் கடை வைத்திருக்கும் இஸ்லாமிய சகோதரர் மேல் ஒரு கசப்பையும் வைத்துவிட்டுப் போகிறது. அந்த மனுஷன் நமக்கு என்ன செய்தார்?

தெரியாமல் அனுப்பினால் குற்றமில்லை என்று நினைக்கிறோம். வேதம் அப்படி விடவில்லை. பொய்யான சொல்லுக்கு இடங்கொடாதே என்று கட்டளையிருக்கிறது (யாத். 23:1). ஒரு பட்டணத்தார் வழிவிலகினார்கள் என்று காதில் விழுந்தால்கூட, முதலில் தீர விசாரித்து, அது மெய்தானா என்று பார்க்கச் சொல்கிறார் (உபா. 13:14). பெரோயா பட்டணத்தாரோ பவுல் அப்போஸ்தலன் பிரசங்கித்ததையே வேதத்தில் தேடிப்பார்த்தார்கள் (அப். 17:11). பவுலையே சோதித்துப் பார்க்கலாமென்றால், பெயரில்லாமல் வருகிற வாட்ஸ்அப் செய்தியைச் சோதிக்கக் கூடாதா?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைக்குக் கை செய்தி பரவியிருந்த நேரம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு கோவிலுக்குப் போன 65 வயது அம்மா, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஜனங்கள் கூடி அடித்தார்கள், அந்த அம்மா செத்துப்போனார்கள். அந்தச் செய்தியை அனுப்பின ஒவ்வொருவரும் "நான் யாரையும் அடிக்கவில்லையே" என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் ஜனங்கள் அதை நம்பினது எதனால்? அனுப்பினவர் தெரிந்தவர், மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. நம் பெயர்தான் அந்தச் செய்திக்குச் சாட்சிக் கையெழுத்து! நாளைக்கு அதே வாயால் இயேசுவைச் சொன்னால், "இவங்க இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க" என்று தள்ளிவிட மாட்டார்களா?

அந்த வருஷம்தான் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்பாதபடி நம் நாட்டில் தடை வைத்தது. 2020-ல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம் என்றாக்கினது. அப்படிப்பட்ட செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். சபையில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு காரியம் இருக்கிறது. வாலிபப் பிள்ளைகள், "குடும்மா, உனக்குத் தெரியாது" என்று போனைப் பிடுங்கி, தாங்களே தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா கற்றுக்கொள்வது எப்படி? வெட்கப்பட்டு, அப்புறம் கேட்கவே மாட்டார்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோவில் மிரட்டிப் பணம் பறிக்கிறவனுக்கு இந்த வெட்கம்தான் வசதி. (பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், தாமதிக்க வேண்டாம்.) போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், பத்து தடவை தப்பாக அமுக்கட்டும். அறுபது வயதுவரை சந்தையில் சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்கினவர்களுக்கு விசாரிக்கத் தெரியாதா என்ன?

எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பாட்டிம்மா இப்போது எந்தச் செய்தி வந்தாலும் குரூப்பில் குரல் பதிவு போடுகிறார்கள்: "யார் பாத்தது? எந்த ஊரு? என்னைக்கு நடந்துச்சு?" வாலிபர் குழுத் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பாட்டிம்மா விடுவதாக இல்லை.