களையும் கீரையும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில், சிம்பாங் அம்பாட் என்னும் ஊர் உளது. மலாய் மொழியில் அப்பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். அவ்வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, பின்னர் ரப்பர், அதன் பின்னர் செம்பனை என முதலாளியின் பயிர் மாறிக்கொண்டே வந்தது. 2014-இல் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கிய பிறகு ஆலைகளும் புது வீடுகளும் பெருகிவிட்டன. ஆயினும் வாய்க்காலோரத்துப் பொன்னாங்கண்ணி மட்டும் இடம் பெயரவில்லை.

அது பல்லாண்டு வாழும் பூண்டு. தண்டு தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். பிடுங்கி எறிந்த துண்டும் ஈரம் கண்டால் தழைக்கும். கண்ணுக்கு நல்லதென்பது பாட்டிமார் சொல். அச்சொல்லின் மெய்ம்மையை மருத்துவர்கள் ஆராயட்டும். கூலி போதாத லயத்து வீட்டில் அது காசில்லாக் கறி என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அதே பூண்டுதான் நெல்வயலில் களை; அமெரிக்க நாட்டரசு வகுத்துள்ள தீய களைகளின் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு.

ஆகவே, களை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை? பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது என்று கூறி இக்கேள்வியைச் சிலர் முடித்துவிடுவர். அது சோம்பல் தத்துவம் என்றே நாம் கருதுகின்றோம். கெடுதி உண்மையிலேயே உண்டு. பொன்னாங்கண்ணிக்கு நெருங்கிய உறவான தென்னமெரிக்கப் பூண்டொன்றை ஆங்கிலத்தில் முதலைக்களை என்று வழங்குவர். 1946-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அது காணப்பட்டது. நீரின்மேல் பாய் விரித்தாற்போல் மூடி ஓட்டத்தைத் தடுக்கும். கீழே வாழும் உயிர்களுக்கு ஒளியை மறைக்கும். அதனைப் பிடுங்காதே என்பவன் ஆற்றுக்குப் பகைவன்.

ஆனால் அங்கே நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1990-களில் விக்டோரியா மாநிலத்தில், இலங்கையிலிருந்து குடியேறியோர் பலர் தம் வீட்டுக் கொல்லைகளில் இம்முதலைக்களையை வளர்த்துவந்தது தெரியவந்தது. ஊரில் உண்ட பொன்னாங்கண்ணி என்று நம்பியே அவர்கள் அதனைப் பேணிச் சமைத்து உண்டனர். அதிகாரிகள் செடியைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. மக்களிடம் சென்று விளக்கினர். அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு செய்யாத உள்நாட்டுப் பூண்டு ஒன்றைத் தேடி, அதற்கு ஈடாக வளர்க்கச் செய்தனர். ஆறும் காக்கப்பட வேண்டும், குடியேறியவன் உணவுத் தட்டும் வெறுமையாகக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

நிற்க, நம் தோட்டங்களுக்கு வருவோம். இங்குக் களை ஒழிப்பு என்பது பல ஆண்டுகள் பாராகுவாட் என்னும் நஞ்சைத் தெளிப்பதாகவே இருந்தது. உள்ளே சென்றால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். மலேசிய அரசாங்கம் 2002-இல் தடை செய்ய முற்பட்டது. 2006-இல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முற்றாகத் தடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சைச் சுவாசித்தவர்களுக்கு ஈடு எது? செம்பனையின் விளைச்சல் முதலாளிக்கு. களையெடுப்பின் கேடு கூலிக்காரிக்கு. அவள் பறித்துத் தின்ற கீரையும் அதோடு போயிற்று.

சொத்து அவனுடையது, பிடுங்கும் உரிமையும் அவனுடையதன்றோ என்பர். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. பிறர் உணவிலிருந்து ஒன்றை நீக்குவோன் காரணத்தை அவர்க்குச் சொல்லவும், பதிலுக்கொன்று தரவும், நீக்கும் வேலையின் தீங்கைத் தானே ஏற்கவும் கடமைப்பட்டவன் என்கின்றோம். இக்கடமைகளை விட்டுவிட்டு உரிமையை மட்டும் பேசுவதே நம் நாட்டு வழக்கமாய்விட்டது.

சிம்பாங் அம்பாட்டுக்குச் சென்றிருந்தபோது, வாய்க்காலோரம் பொன்னாங்கண்ணி பறிக்கக் குனிந்த மூதாட்டி ஒருவர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று நம்மைக் கேட்டார். தோட்டத்தாரைக் கேட்டால் தெரியுமே என்றோம்.

"அவங்க நமக்கெல்லாம் சொல்லுவாங்களா, தம்பி?" என்றார்.