ஒண்ணுமில்லை, மாமா

உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்லுவது வேறு என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு நம்மில் பலர் காலத்தை ஓட்டிவிடுகிறோம். நானும் அப்படி ஓட்டியவன்தான். இந்த வயதில் ஒரு கணினி வந்து அந்தச் சமாதானத்தைக் கலைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் தங்கை மகன் கணினித் தொழிலில் இருக்கிறவன். நான் கதை எழுதுகிற பழைய மடிக்கணினி நடை தளர்ந்துவிட்டது என்று புலம்பியதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிவைத்தது அது. அதைக் கர்னல் என்கிறார்கள். பட்டாளத்துக் கர்னல் இல்லை. யந்திரத்துக்கும் நாம் ஓட்டுகிற நிரல்களுக்கும் நடுவே நின்று காரியம் பார்க்கிற காரியஸ்தன். அந்தக் காரியஸ்தனை வைத்துப் பலர் பலவிதமாக வீடு கட்டித் தருகிறார்கள். அவன் எனக்குப் போட்டது 1993-ல் ஆரம்பித்த டெபியன். காசு கிடையாது.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரிகள்: 'பயாஸ் பிழை' என்று தொடங்கி, எதையோ தேடினேன், கிடைக்கவில்லை என்று முடிந்தன. அப்புறம் ஏதோ ஒரு வட்டுப் பகுதிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பக்கத்தில் வினாடிகள் ஓடின. சரியாக ஒன்றரை நிமிஷம். பிறகு வட்டில் இன்ன இடத்தில் படிக்க முடியவில்லை என்று ஒரு நீளமான எண்ணோடு இன்னொரு வரி. உடனே எல்லாம் மறைந்து, ஒன்றுமே நடக்காதது போல அழகான நீலத்திரை வந்து நின்றது.

அவனுக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, மாமா."

"பிழைன்னு எழுதியிருக்கேடா?"

"எல்லா லேப்டாப்பிலும் வரும், மாமா. கண்ணை உறுத்தினா அடுத்த வாரம் வந்து மறைச்சுடறேன்."

மறைப்பது சுலபம். யந்திரம் எழும்பும்போது படிக்கிற ஒரு கோப்பில் 'லாக்லெவல்' என்று எழுதி 3 என்று போட்டால் போதும். 'ஸ்பிளாஷ்' என்று சேர்த்துவிட்டால் மிச்சம் மீதியை ஒரு படம் மூடிக்கொள்ளும். எனக்கும் சம்மதம்தான். காலையில் எழுந்ததும் யாருக்குப் பிழைகளைப் பார்க்கப் பிடிக்கும்? ஆனாலும் எழுதுகிறவன் புத்தி. அந்த வரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவன் வந்தபோது ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதல் மூன்றும் யந்திரத்தைச் செய்தவர்கள் செய்த தவறு. பலகையிலுள்ள பயாஸ் தரும் பட்டியலில் இல்லாத ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கர்னல் தேடிப் பார்த்து, இது உன் தப்பு என்று பெயர் சொல்லி எழுதிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. எனக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. குறை சொல்லிவிட்டு ஒத்துழைக்க மறுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை நிமிஷக் காத்திருப்பு அவன் கைவேலை. டெபியனைப் போட்ட பிறகு, ஆசைக்கு இன்னொரு லினக்ஸையும் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். அது ஸ்வாப் என்ற பகுதியை அழித்துப் புதிதாக அமைத்ததில் அதன் அடையாள எண் மாறிவிட்டது. டெபியனின் பட்டியலில் பழைய எண்தான் இருந்தது. அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று தெரியாமல் தினமும் வாசலில் நின்று, தொண்ணூறு வினாடி பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது, பாவம். அவன் எண்ணைத் திருத்தினான், காத்திருப்பு நின்றது.

கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். அவன் பேசவில்லை. நோட்டை வாங்கித் தானே ஒரு தடவை படித்தான். பிறகு வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்கிற கணக்கை எடுத்துப் பார்த்தான். கெட்டுப்போய் மாற்றி வைத்த இடங்கள் பல. இனி மாற்ற வேண்டியவை அதற்கும் மேலே. வட்டு செத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக எழுதிவந்த நாவல் அதில்தான், அதில் மட்டும்தான் இருந்தது. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து நகல் எடுத்தோம். ஒன்பதாம் அத்தியாயம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

"நான் பார்க்காமலே சொல்லிட்டேன், மாமா" என்றான்.

அவனைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. கர்னலின் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உண்டாம். 0 என்றால் யந்திரமே உபயோகமில்லை. 7 என்றால் நிரல் எழுதுகிறவனுக்கு மட்டும் வேண்டிய அற்ப விஷயம். பிழைக்கு மூன்றாம் படி. பயாஸ்காரன் செய்த பிசகும் மூன்றாம் படி, என் வட்டின் மரணமும் மூன்றாம் படி. ஒன்றுமில்லாததற்கும் உயிர் போகிறதற்கும் ஒரே குரலில் கூவினால், கேட்கிறவன் காது மரத்துப் போகத்தான் செய்யும். அத்தனையையும் அப்படியே கொட்டிவிடுவதுதான் நேர்மை என்கிறவர்களோடு அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இன்னொன்றையும் அவன் சொன்னான். திரையில் மறைத்தாலும் எதுவும் அழிந்துவிடாதாம். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையைத் தட்டினால், எழும்பியதிலிருந்து நடந்த அத்தனையையும் ஒளிக்காமல் ஒப்பிக்கும். கேட்காதவனிடம் சும்மா இருக்கும். கேட்டவனிடம் பொய் சொல்லாது.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

1988 ஆவணியில் அப்பாவுக்குக் குடலில் புற்று நோய் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். அதுவரை தவறில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "டாக்டர் என்னதாண்டா சொல்றார்?" என்று கேட்டார். நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "ஒண்ணுமில்லைப்பா, வயித்துல புண்ணு. மாத்திரையில ஆறிடும்" என்றேன். அவருக்கும் பெரியப்பாவுக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு வரப்புத் தகராறு. "உடம்பு தேறட்டும், தை மாசம் போய் அண்ணாவைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அன்றைக்குச் சொன்னார். கார்த்திகையில் போய்விட்டார்.

அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். அந்த முகத்துக்கு எதிரே உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கு அப்புறம் அங்கேயே உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் நிஜம். அவரைக் காப்பாற்றியதாக நினைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவர் அவர்.

அடுத்த வாரம் புது வட்டு போட்டாயிற்று. பயாஸ் பிழை மூன்று வரியும் இன்னமும் வருகின்றன, அவை போகாதாம். "இதையாவது மறைச்சுடட்டுமா, மாமா?" என்றான். "இருக்கட்டும்டா" என்றேன்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன், "தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?" என்று கேட்டான். தாத்தா போன பிறகு பிறந்தவன் அவன்.

அதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. காரியம் முடிந்து அப்பாவின் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு இன்லண்டு கடிதம் இருந்தது. மேலே கார்த்திகை மாதத் தேதி போட்டு, 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. அதை அவனிடம் சொன்னேன்.