சிறார் விளையாட்டும் வாழ்க்கைப் பயனும்

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறும் பாதை, காப்பித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் கடந்து தாண்டிக்குடியை அடைகிறது. பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில் அமைந்த இவ்வூரின் பெயருக்கு ஊர்ப் பெரியோர் ஒரு காரணம் கூறுவர். மால்மருகனாகிய முருகப்பெருமான் பாலனாய் இருந்த காலத்தில் இம்மலையிலிருந்து பழனிமலைக்குத் தாண்டிக் குதித்தான். 'தாண்டிக் குதி' என்பதே நாளடைவில் தாண்டிக்குடி ஆயிற்று என்பது அவர்தம் வாய்மொழி. சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பினும் மறுப்பினும், ஒரு சிறுவனின் துள்ளலையே ஊரின் பெயராக வைத்துப் போற்றிய மலைமக்களின் உள்ளம் எண்ணத்தக்கது.

அத்துள்ளலால் விளைந்த பயன் யாது என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. இக்காலத்துப் பெற்றோரோ பார்க்கின்றனர். பள்ளி விட்டு வந்த மகன் தாளும் வண்ணமுமாக அமர்கிறான். மகள் திண்ணையில் பல்லாங்குழியை விரிக்கிறாள். மற்றொரு பிள்ளை கோயில் மண்டபத்துக்குப் பாசுரம் சேவிக்க ஓடுகிறான். காணும் தந்தையின் நெஞ்சில் ஒரு வினா எழுகிறது: "இவற்றால் நாளை இவர்களுக்கு என்ன பயன்?" இவ்வினாவைக் கேட்பது குற்றமன்று. பிள்ளையின் நல்வாழ்வில் அக்கறையுள்ளவரே இதனைக் கேட்பர். ஆயினும் இதற்குள் இன்னொரு வினா ஒளிந்திருக்கிறது. பயனுக்காக ஆடும் ஆட்டம் விளையாட்டு ஆகுமா? பயனே இல்லையெனில், அதற்குப் பொழுது ஒதுக்குவது அறமாகுமா? இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்திப்பதே முறை.

லீலை என்னும் தத்துவம்

வைணவ சமயம் விளையாட்டைச் சிறுமையாக எண்ணியதில்லை. எம்பெருமான் உலகைப் படைத்ததும் காப்பதும் அவனுக்கு லீலை என்பதே வேதாந்தத்தின் முடிவு. எல்லாம் நிறைந்தவனுக்குப் படைப்பினால் ஆகவேண்டியது ஒன்றுமில்லையே, பின் ஏன் படைத்தான் என்ற ஐயத்துக்குப் பிரம்ம சூத்திரம் தரும் விடை இது. இவ்விடத்துக்கு உரை செய்த எம்பெருமானார், ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் எளிய உவமை காட்டுகிறார். உலகம் முழுவதையும் ஆளும் பேரரசன் பந்து விளையாடுகிறான். அப்பந்தினால் அவன் நாடு பெருகப் போவதில்லை. கருவூலம் நிறையப் போவதில்லை. ஆடுவதன்றி வேறு நோக்கம் அவனுக்கு அதில் இல்லை.

ஆகவே பயன் கருதாமை விளையாட்டின் குறையன்று. அதுவே அதன் இலக்கணம். குறையுள்ளவன் ஒன்றைப் பெறுவதற்காகச் செயல்படுகிறான். நிறைவுள்ளவன் நிறைவினாலேயே செயல்படுகிறான். நாள்தோறும் எதையேனும் பெறுவதற்காகவே அலையும் மனிதன், தன் வாழ்நாளில் அந்த நிறைவுக்கு மிக அருகில் நிற்பது குழந்தைப் பருவத்தில்தான். கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பெரியாழ்வார் பருவம் பருவமாகப் பாடி மகிழ்ந்ததும், சிறுமியர் கட்டிய மணல்வீட்டை நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் பாடுபொருளாக்கியதும் இதனை உணர்ந்தே போலும்.

மணற்சோறு

உடையவர் திருவாழ்வில் நிகழ்ந்ததாகப் பெரியோர் ஒரு செய்தி கூறுவர். திருவரங்கத் தெருவில் சிறுவர் சிலர் மணலில் கோயில் வரைந்து, பெருமாளை எழுந்தருளப் பண்ணி, மண்ணையே பிரசாதமாகப் படைத்து விளையாடிக் கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த உடையவரை அழைத்து அப்பிரசாதத்தைக் கொடுத்தனர். அவர் அதனை விளையாட்டென்று தள்ளாமல், தெருவிலேயே தெண்டனிட்டு வணங்கி, இரு கையாலும் ஏற்றுக்கொண்டாராம்.

இச்செய்தியில் ஒரு நுட்பம் உண்டு. அச்சிறுவர் பக்தி பயில்வதற்காக அவ்வாட்டத்தைத் தொடங்கவில்லை. நாள்தோறும் பெரிய கோயிலில் கண்டதை மணலில் செய்து பார்த்தனர், அவ்வளவே. ஆயினும் அமைத்தல், அலங்கரித்தல், படைத்தல், பகிர்ந்தளித்தல், வந்தவரை உபசரித்தல் ஆகிய அனைத்தும் அந்தச் சிறிய ஆட்டத்தில் அடங்கியிருந்தன. பயன் அங்கே வந்தது, அழைக்காமலே வந்தது. உடையவரும் அவர்களைப் பாராட்டிப் பரிசளிக்கவில்லை, திருத்தவுமில்லை. அவர்கள் செய்ததை மெய்யென்று மதித்தார். பிள்ளைகளின் விளையாட்டுக்குப் பெரியவர் செய்யத்தக்க உதவி அந்த மதிப்பே.

வாழ்வுக்கு வரும் நன்மை

அழைக்காமல் வரும் அந்த நன்மைகளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். எந்தக் குழியிலிருந்து சோழியை எடுத்தால் கை எங்கே முடியும் என்று பார்க்கும் சிறுமி, எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கப் பழகுகிறாள். பிற்காலத்தில் வீட்டின் வரவு செலவைக் கையாளும்போது அப்பழக்கமே துணை நிற்கிறது. தன் முறை வரும்வரை காத்திருத்தல், தோற்ற பின்னும் தோழியோடு சிரித்திருத்தல் ஆகியவற்றையும் அக்குழிகள் கற்பிக்கின்றன. பெரிய உத்தியோகத்தில் இருந்தும் தோல்வியைத் தாங்க அறியாதோர் பலர் உண்டு.

வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை எளிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. ஒரு புள்ளி தவறினால் முழுக்கோலமும் நிலை தவறும். இழை தொடங்கிய இடத்துக்கே மீண்டு வரவேண்டும். இதன் அமைப்பில் ஆழ்ந்த கணிதம் இருப்பதைக் கண்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1974இல் கணிப்பொறியியல் நோக்கில் கோலத்தை ஆராய்ந்து ஆய்வுரை வெளியிட்டனர். பாட்டியிடம் கோலம் பழகிய சிறுமிக்கு இச்செய்தி தெரியாது. கையும் கண்ணும் ஒன்றுபட்டு நிற்கும் ஒழுங்கு மட்டும் அவளுக்குத் தெரியும்.

பாசுரம் சேவிக்கப் பழகும் பிள்ளையின் நிலையும் அவ்வாறே. திவ்வியப் பிரபந்தத்தை இசையோடு வழங்கச் செய்த நாதமுனிகள், அதனைத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். நூலாகக் கொடுத்திருந்தால் ஏட்டில் இருந்திருக்கும். இளையோர் நாவில் வைத்ததால் நிலைபெற்றது. கோஷ்டியில் நிற்கும் பிள்ளை முந்தாமலும் பிந்தாமலும் தன் குரலைப் பிறர் குரலோடு இசைக்கக் கற்கிறான். பலரோடு கூடிப் பணிபுரிய வேண்டிய எத்தொழிலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி உண்டோ?

கொடைமலையில் ஓர் அம்மையார்

இப்பழனிமலைகளே கண்ட ஒரு வரலாறும் உண்டு. இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதி அவர் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் தங்கினார். அங்கும் சிறு பள்ளி ஒன்றை நடத்தி, வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒருங்கிருந்து செடிகொடிகளையும் உயிரினங்களையும் கண்டு பயிலும் முறையை வளர்த்தார்.

அவருடைய சிந்தனைக்கு வித்திட்ட நிகழ்ச்சி அதற்கு வெகுகாலத்துக்கு முற்பட்டது. 1907இல் ரோம் நகரின் ஏழை மக்கள் பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி எடுத்துக் கொண்டிருந்தாள். சுற்றிலும் பிற குழந்தைகளைப் பாடச் செய்தும், அவள் அமர்ந்த நாற்காலியையே தூக்கி வைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதையே செய்து, பின் உறக்கம் தெளிந்தவள் போல நிமிர்ந்து முறுவலித்தாள். எவரும் ஏவவில்லை, எவரும் பரிசு தரவில்லை. தானே தேர்ந்த செயலில் குழந்தை தன்னை மறந்து ஒன்றும்போது அதன் உள்ளம் உறுதி பெறுகிறது என்பதை அம்மையார் அன்று கண்டார். பல காலம் முயன்று பெரியோர் அடைய விழையும் மன ஒருமை, அச்சிறுமிக்கு ஆட்டத்தில் எளிதில் வாய்த்தது.

இரு தடைகள்

எனினும் விளையாட்டும் விருப்பக் கலையும் எப்போதும் வாழ்க்கைக்கு உதவியே தீரும் என்று கூறிவிடலாகாது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், தாயார் கோமளத்தம்மாளோடு ஆடுபுலி ஆட்டம் ஆடிய பிள்ளை. கணிதம் அவருக்குப் பாடமாக இருந்ததைக் காட்டிலும் விருப்பமாகவே இருந்தது. அவ்விருப்பம் முற்றியதால் மற்றப் பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தோற்றார். 1912இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும்வரை வறுமையோடு போராடினார். 1913இல் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி படித்திராவிடில், 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆகும் பேறு அவருக்கு வாய்த்திருக்குமோ என்பது ஐயமே. வாய்க்காமல் மறைந்தவர் எத்தனை பேர் என்பதை வரலாறு எழுதி வைப்பதில்லை. ஆகவே, விருப்பத்தைப் போற்றும் பெரியோர் கடமையையும் நினைவூட்ட வேண்டும். கடமையை வற்புறுத்துவோர் விருப்பத்தை மிதித்தழிக்காதிருக்க வேண்டும். இரண்டையும் தாங்குவது பிள்ளையின் தோளுக்கு மட்டும் உரிய சுமையன்று.

இரண்டாவது தடை, ஏழைப் பிள்ளையின் மாலைப்பொழுது. மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வீட்டில் கை போதாது. பள்ளி விட்டு வந்த சிறுவன் விறகு கொணர்கிறான், மாட்டை ஓட்டி வருகிறான், தோட்டத்தில் தாய்க்கு உதவுகிறான். பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியில் அமர்த்துவதை 2016இல் திருத்தப்பெற்ற சட்டம் தடை செய்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவுவதை அது விலக்காக வைத்துள்ளது. அவ்விலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பது சட்டப் புத்தகத்தைவிடப் பெற்றோரின் மனச்சாட்சிக்கே நன்கு தெரியும். தாயின் கூடையில் ஆசையோடு நாலு பழம் பறித்துப் போடும் சிறுமி விளையாடுகிறாள். அவள் பறித்ததை நிறுத்துப் பார்க்கத் தொடங்கிய அன்றே அவள் கூலியாள் ஆகிறாள்.

இதே அளவுகோலை நகரத்துப் பிள்ளைக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்ததும் பாட்டு வகுப்பு, அதன்பின் சதுரங்கம், அதன்பின் கணித வகுப்பு என்று இரவுவரை ஓடும் பிள்ளையின் தலையில் கூடை இல்லை. ஆயினும் பாரம் உண்டு. அங்கே பழம் நிறுக்கப்படுகிறது. இங்கே பரிசுக் கேடயம் எண்ணப்படுகிறது. வறுமையால் மாலையை இழந்தவன் ஒருவன். பெருமையால் மாலையை இழந்தவன் மற்றவன். முதல்வனின் பெற்றோருக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். அவர்களுக்குக் கைகொடுப்பது சமுதாயத்தின் கடமை. இரண்டாமவனின் பெற்றோருக்கு அந்தச் சமாதானமும் இல்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று உலக நாடுகள் 1989இல் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. உரிமை என்று ஏற்ற பின், அதைச் சலுகை போல் அளந்து கொடுப்பது முறையன்று.

அப்படியாயின் எது விளையாட்டு, எது சுமை என்று எவ்வாறு அறிவது? மூன்று வினாக்கள் போதும். பிள்ளை அதனைத் தானே தேர்ந்ததா? வேண்டாமென்றால் அச்சமின்றி விட்டுவிட அதற்கு இயலுமா? அதனால் வரும் ஊதியமும் புகழும் வேறொருவர் கணக்கில் சேராமல் இருக்கின்றனவா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், கையில் இருப்பது பம்பரமாயினும் மண்வெட்டியாயினும் அது விளையாட்டே. இல்லையேல் வீணையும் விலங்கே.

நிழல்மரம்

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களில் நடப்பவர் ஒன்றைக் காணலாம். காப்பிச் செடிகளுக்கு மேலே உயர்ந்த மரங்கள் நிற்கின்றன. அறியாதவர், இம்மரங்களை வெட்டிவிட்டால் இன்னும் சில செடிகள் வைக்கலாமே என்பர். தோட்டக்காரர் வெட்டமாட்டார். நிழல் அகன்றால் ஓராண்டு காய்ப்பு மிகுதியாக இருக்கக்கூடும். ஆனால் அளவுக்கு மீறிக் காய்த்த செடியின் கிளைகள் பின்னர் நுனியிலிருந்து காய்ந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். நிழலில் பழம் மெல்லப் பழுக்கும். மண்ணின் ஈரமும் நிலைக்கும். காப்பிக் கணக்கில் நிழலின் எடையை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் எழுதிய எடையெல்லாம் அந்த நிழலால் வந்ததே.

பிள்ளையின் மாலைப்பொழுது அத்தகைய நிழல்மரம். அதில் என்ன காய்த்தது என்று கேட்கலாகாது. அதன் கீழே என்ன செழித்தது என்று பார்க்க வேண்டும். பலனைக் கருதாமல் செய்யும் கைங்கரியத்துக்கே எம்பெருமான் உகக்கிறான் என்பது வைணவப் பெரியோர் காட்டிய நெறி. அந்நெறியின் முதற்படியை ஒவ்வொரு குழந்தையும் தெருமணலில் அறியாமலே ஏறி நிற்கிறது. கீழே இறக்கிவிடாமல் இருப்பதே பெரியோரின் பொறுப்பு.

திருவிழாவுக்குக் குழந்தைகளோடு வரும் அன்பர்கள், பெருமாள் புறப்பாட்டின்போது சிறுவர் கூட்டத்தைச் சற்றே நோக்கலாம். பெரிய குடையின் பின்னே ஒரு சிறுவன் தென்னை ஓலையைக் குடையாகப் பிடித்து வருவான். ஒரு சிறுமி உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பொம்மைக்கு மாலை தொடுத்திருப்பாள். "இது எதற்கு?" என்று அவர்களைக் கேளாதிருத்தல் நலம். அவர்கள் நீட்டினால் அந்த மணற்சோற்றை இரு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். உடையவர் வாங்கினார் அன்றோ!