வேகம் வேறு, விவேகம் வேறு

கெடாத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டிலே பெயர் வாசிக்குங்கால், கூப்பிட்டவுடன் குரல் கொடாதவனை வரவில்லையென்று கிராணிமார் குறித்துவிடுவதுண்டு. நாமும் அவ்வாறு குறித்திருக்கிறோம். ஆள் எதிரிலேதான் நிற்பான். குரல் மட்டுமே சற்றுத் தாமதித்திருக்கும். நோயுற்றோரின் அறிவைப் பற்றி நாம் கூறும் தீர்ப்பும் பெரும்பாலும் இத்தகையதே.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்றொரு நோய் உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, மூளையிலும் தண்டுவடத்திலுமுள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இழையிற் செய்தி மெதுவாகச் செல்லும், சிலவிடத்து நின்றும்போகும். பெரும்பாலும் 20 வயது முதல் 40 வயது வரையில் இது தொடங்குகிறது. ஆடவரினும் பெண்டிரையே அதிகமாகப் பற்றுகிறது. மலேசியாவில் அரிதாதலால் நம்மவர் பலர் இதன் பெயரும் அறியார். செய்வினை என்றும் பூர்வஜென்ம கருமம் என்றும் பெயர் சூட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவரைப் பூசாரியிடம் கொண்டுசெல்கின்றனர்.

இந்நோயை 1868-ல் வரையறுத்த பாரிஸ் வைத்தியர் ஷார்க்கோ, நோயாளரின் நினைவு தளர்வதையும் கண்டு சொன்னார். இந்நோயுற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அறிவுத்திறனில் ஏதேனும் தளர்ச்சி உண்டென்பது இன்றைய ஆராய்ச்சியின் முடிவு. அத்தளர்ச்சி யாது? எண்ணத்தின் வேகம் குறைகிறது. புதியதை மனத்திற் பதிப்பது கடினமாகிறது. சொல்வளமும் முன் கற்ற கல்வியுமோ பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. எனவே, தாமதித்து விடை கூறுவோரைப் புத்தி கெட்டவரென்பது அநீதியாகும்.

அவர்களுடைய வாழ்க்கை நோக்கைக் குறித்தும் இவ்வநீதி நிகழ்கிறது. 1926-ல் காட்ரல், வில்சன் என்னும் வைத்தியர் இருவர் 100 நோயாளரை ஆராய்ந்து, பலர் மகிழ்ந்திருக்கக் கண்டு, அம்மகிழ்ச்சியையே நோயின் குறியென எழுதினர். காரணமற்ற களிப்பு சிலரிடமே உண்டென்றும், மனச்சோர்வே மிகுதியென்றும் பின்வந்தோர் கண்டனர். அச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அதனைத் தலைவிதியென்று விட்டுவிடுதல் கொடுமை.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். அவர் அழுதால் நோய் அழுகிறது என்கிறோம். சிரித்தால் மூளை பழுதுபட்டது என்கிறோம். எனில், அவர் தம் மனத்தைத் தாமே பேசுவது எப்போது? நலமுடைய நம் மகிழ்ச்சியும் மூளையிற் பிறப்பதுதானே? அதனைப் பொய்யென்று எவரும் தள்ளுவதில்லையே!

இது வெறுந் தர்க்கமன்று. தாய் எதிரில் அமர்ந்திருக்க, அவளை ஒரு வார்த்தை கேளாமலே மகளின் கலியாணத்தையும் வீட்டுப் பணத்தையும் முடிவு செய்யும் குடும்பங்கள் இல்லையா? மறதி உண்டெனில் எழுதிக் காட்டலாம். இரைச்சலற்ற இடத்தில் ஒருவேளைக்கு ஒரு கேள்வியாகக் கேட்கலாம். கணக்கில் உதவி வேண்டுமெனில் அருகிருந்து உதவலாம். உதவுதல் வேறு, உரிமையைப் பறித்தல் வேறு.

சாதியையும் மூடப்பழக்கத்தையும் ஒழிக்கப் புறப்பட்ட நாம், விடை வருமுன்னே ஒரு மனிதரை இல்லையென்று எழுதும் இப்பழக்கத்தையும் ஒழிப்போமாக. அதற்குப் பணம் வேண்டியதில்லை; சிறிது பொறுமையே வேண்டும்.